கூடைக்குள் தேடிய கை

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் உண்டு. டச்சுக்காரர்கள் விட்டுப்போன கல்லறைகளைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. நண்டு வாங்குவதற்கென்றே சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நான் போனது என் தங்கச்சியிடம் ஒரு 'சரி' வாங்கிக்கொண்டு வர.

எனக்கு நாசரேத்துப் பக்கம் ஒரு தையல்கடை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் விடாமல் பயின்று தேறியது கவலைப்படுவது ஒன்றில்தான். தங்கச்சி ஜெயசீலி அப்படி இல்லை. டீச்சர் டிரெய்னிங் படித்தாள். வேலை கிடைத்த இடம் பழவேற்காட்டை அடுத்த கோட்டைக்குப்பம் என்றதும், அது எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆரம்பத்தில் வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போனதும், 'ஆண்டவர் அவளை ஊழியத்துக்கென்று பிரித்து வைத்திருக்கிறார்' என்று குடும்பத்தில் சொல்லத் தொடங்கினோம். சொல்லச் சொல்ல எங்களுக்கே அது உண்மையாகிவிட்டது.

அப்படியிருக்கையில்தான் திருச்சியிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. எபனேசர் என்று பெயர். ரயில்வேயில் வேலை. மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவருக்காகப் பேசுவது அவருடைய அண்ணன் ஞானராஜ். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் சொல்லிருங்க. இன்னொரு இடமும் கையில இருக்கு" என்றார். போனில் கேட்டு முடிக்கிற காரியமா இது? கடையைப் பூட்டினேன், பூட்டை இழுத்துப் பார்த்தேன், தெருமுனைவரை போய்த் திரும்பிவந்து மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு ரயிலேறினேன்.

போகிற வழியெல்லாம் ஆண்டவரிடம் அடையாளம் கேட்டுக்கொண்டே போனேன். பொன்னேரியில் பஸ்ஸில் சன்னல் ஓர இருக்கை கிடைத்தால் இது உம்முடைய சித்தம் என்று எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கிடைத்தது. கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்து பஸ் நின்றுவிட்டது. இது சாத்தானுடைய தடை என்று எடுத்துக்கொண்டேன். சாதகமாக நடந்தால் ஆண்டவர், பாதகமாக நடந்தால் சாத்தான். எந்தப் பக்கம் போனாலும் சம்பந்தம் உறுதி.

அந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆந்திர ஊர்க்காரர்கள். அவர்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்து ஆளைக் கேட்டேன். அவர் தயங்கிவிட்டுத் தமிழில் சொன்னார்: "இந்த ஆளு பொண்ணு பாக்கப் போறானா, சாவுக்குப் போறானானு கேக்குதுங்க. மொகத்த வச்சிக் கண்டுபுடிக்க முடியலியாம்."

மிச்ச தூரத்தை ஐஸ் ஏற்றிப்போன ஒரு லோடு ஆட்டோவில் கடந்தேன். டிரைவர் பக்கத்தில் இடமில்லை. பின்னால் ஐஸ்பாரின் மேல் சாக்கை விரித்து உட்கார வைத்தார். சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் கடல் என்றால் இரைச்சல், செம்மணல் குவிந்த தேரி, பனை. இங்கே ஏரி பெட்டி போட்டுத் தேய்த்த துணி மாதிரி சுருக்கமே இல்லாமல் கிடந்தது. அதை ரசிக்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கீழே ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, ஏரியில இறங்கி நடந்தா வந்த?" என்றாள் ஜெயசீலி, என் வேட்டியைப் பார்த்து.

அவள் குடியிருப்பது குப்பத்துக்குள்ளேயே ஒரு ஓட்டு வீட்டின் முன்பாதியில். அன்று ராத்திரி மடவை மீன் குழம்பு. மடவை இந்த ஏரியின் செல்லப்பிள்ளை. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்தில் வளர்வதால் அதற்கு ஒரு தனி இனிப்பு உண்டு. நாங்கள் தேங்காய் அரைத்து ஊற்றுவோம். இங்கே வெறும் புளியும் மிளகாயும்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பினால் என்று அவள் நினைத்தாள். நான் கொண்டுவந்த கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, சம்பந்தத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன்.

தொடங்குவதற்குள் பக்கத்து வீட்டுத் தேசம்மா வந்துவிட்டாள். நிறைமாதத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கும் போலத் தெரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கூட வந்த மூத்த பெண் ஜெயசீலியிடம் படிக்கிறாள். அது உடைந்த மூக்குள்ள சின்னச் சங்கு ஒன்றைத் தரையில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

"அத்த தொலைச்சிடாதடீ. நாளைக்கு உங்க நைனா கூடையில போடணும்" என்றாள் தேசம்மா.

என்ன கூடை என்று கேட்டேன். ஏரி கடலோடு சேரும் வாய்க்குப் பக்கத்தில் எறா, அதாவது இறால், நன்றாக விழும் இடம் ஒன்று இருக்கிறதாம். அதை இவர்கள் பாடு என்கிறார்கள். ஊரில் எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான். அதனால் வீட்டுக்கு வீடு முறை. எந்த வீட்டுக்கு எப்போது முறை என்பதற்குக் குலுக்கல் உண்டு. ஒவ்வொரு வீடும் ஒரு பொருளைக் கூடையில் போடும். ஒருவர் கண்ணால் பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுப்பார். எந்தப் பொருள் எத்தனையாவதாக வருகிறதோ அதுதான் அந்த வீட்டின் முறை. விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளக் கூடாது.

தேசம்மாவின் புருஷன் ஏழுமலைக்கு முதலில் வந்தால் இந்த வாரமே முறை முடிந்துவிடும். பிரசவத்தின்போது வீட்டில் இருப்பான். பிந்தி வந்தால் வலியெடுக்கிற நேரத்தில் அவன் தண்ணீரில் இருப்பான். இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. தங்கச்சிக்காகக் கொண்டுவந்த கவலையோடு இதையும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. குப்பத்து அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் வலை பின்னுகிற கொட்டகையில் ஆண்கள் கூடியிருந்தார்கள். ஜெயசீலியும் தேசம்மாவும் மற்றப் பெண்களோடு ஓரமாக நின்றார்கள். நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஊர்த் தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டீச்சருக்கு அண்ணனா நீங்க? ஊரு ரொம்பத் தூரமா?"

தூரம்தான் என்றேன்.

"அப்ப நீங்களே எடுங்க. இங்க ஒருத்தன ஒருத்தன் நம்ப மாட்டான். போன தபா ஐஸ் வண்டிக்காரன் எடுத்தான். அவனுக்கு யாரோ மீன் குடுத்துட்டாங்கனு ஒரே பேஜாராப் பூடுச்சு."

மீன் கூடையில் பொருள்கள் விழுந்தன. வலை மிதப்புக் கட்டை, சோழி, துருப்பிடித்த சாவி, சோடா மூடி, பல் போன சீப்பு. கடைசியாக ஏழுமலை அந்தச் சங்கைப் போட்டான். மேலே ஈரத்துண்டைப் போட்டு மூடினார்கள்.

எங்கள் சபையில் வருடப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது என்று ஒரு வசனம் கையில் வரும். அந்தப் பழக்கத்தில் கண்ணை மூடினேன். ஆண்டவரே, உம் சித்தப்படியே எடுத்துத் தாரும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு துண்டுக்கு அடியில் கையை விட்டேன். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் உடைந்த மூக்கைத் தேடிக்கொண்டிருந்தன. சாவியைத் தள்ளின. சீப்பைத் தள்ளின. கூடையின் அடிவரை போய்ச் சங்கைத் தொட்டுவிட்டன. உம்முடைய சித்தம், உம்முடைய சித்தம் என்று இன்னும் வேகமாகச் சொன்னேன்.

"இன்னாயா டீச்சரண்ணே, கூடையில எறா தடவுறியா?"

கூட்டத்தில் ஒருவன் இப்படிக் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். இந்த ஏரியின் ஆழமில்லாத இடங்களில் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவித் தடவி எறா பிடிப்பார்கள். அதைத்தான் சொல்கிறான். எனக்கு முகம் வெந்துவிட்டது. எல்லாரையும்விட அதிகமாகப் பதறியவன் ஏழுமலை.

"யோவ், வேணாய்யா, வுட்ருய்யா" என்று ஓடிவந்தான். "நீ தடவி எடுத்து எனக்கு மொதல்ல வந்துச்சுனு வையி, நான் இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது. உனுக்கு இன்னா, நீ ஊருக்குப் பூடுவ."

வெறுங்கையை வெளியே எடுத்தேன். தலைவர் ஒன்றும் திட்டவில்லை. கூடையை எடுத்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். என்னைக் கடலைப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்து, கூடையை என் முதுகுப் பக்கம் வைத்தார். "கைல இன்னா மாட்டுதோ அத்த உடனே எடு. யோசிக்கக் கூடாது" என்றார். யோசிக்காமல் நான் எதையும் செய்ததில்லை. இருந்தாலும் எடுத்தேன். சோழி வந்தது, மிதப்புக் கட்டை வந்தது, சீப்பு வந்தது. சங்கு வரவேயில்லை. கூடையில் இரண்டே பொருள் மிச்சம் இருந்தபோதுதான் வந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இன்னொரு தரம் எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். சபையில் வசனம் கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டால் அட்டையை உள்ளே தள்ளிவிட்டு வேறு எடுப்பவர்கள் உண்டு. யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இங்கே நான் சொன்னது கெட்ட வார்த்தையா என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கிழவர், "பாவம், வெயில் ஒத்துக்கல போல" என்றார். எனக்கு மோர் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது தேசம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "மன்னிச்சுக்கோம்மா. உனக்கு முதல்ல வரணும்னுதான் நினைச்சேன்" என்றேன்.

"நீ தடவாம இருந்தா மொத தபாவே வந்துருக்குமோ இன்னாமோ" என்றாள் அவள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அட வுடுண்ணாத்தே. அந்தாளு வூட்ல இருந்தா மட்டும் என் வலிய வாங்கிக்குவாரா? குறுக்கையும் நெடுக்கையும் நடந்து உசுர எடுப்பாரு. தண்ணியில இருந்தா எறாவாச்சும் வரும். எனுக்கு டீச்சரு கீறாங்க. கூட வரேன்னு சொல்லிட்டாங்க."

ஜெயசீலி பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள். என் கையையே ஒரு முறை பார்த்தாள்.

ஞாயிறு காலை பழவேற்காட்டில் ஆராதனைக்குப் போனோம். சின்னக் கோயில், சில குடும்பங்கள்தான். பாட்டுகளை எங்கள் ஊரைவிட மெதுவாகப் பாடுகிறார்கள். செய்தி எதைப் பற்றியது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பி, நண்டுக் குழம்பில் கையை வைத்த பிறகுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். எபனேசர், ரயில்வே, ஞானராஜ், சன்னல் இருக்கை, டயர், எல்லாம். போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"நீ என்னன்னு ஜெபம் பண்ணினண்ணே?"

"உமக்குச் சித்தமானா இந்தச் சம்பந்தம் கூடி வரட்டும்னு."

"சித்தமில்லன்னா?"

நான் யோசித்தேன். "அப்பவும் கொஞ்சம் பார்த்துச் செய்யும்னு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் கண் ஈரமாகத்தான் இருந்தது.

"பஸ்ஸு, சீட்டு, டயரு, அத்தன அடையாளமும் உனக்குத்தான் வந்திருக்கு. கழுத்த நீட்டப் போறவ நான். எனக்கு ஒண்ணுமே வரலியேண்ணே."

"நீயும் ஜெபம் பண்ணிப் பாரு."

"பண்ணாமலா இருக்கேன்? அப்ப எல்லாரும் சேர்ந்து ஊழியத்துக்குப் பிரிச்சு வச்சாச்சுன்னு சொன்னீங்க. கல்யாணம் வேண்டாம்னு நான் என்னைக்காவது சொன்னேனா? இப்ப கல்யாணம்தான் சித்தம்னு நீ வந்து நிக்க. ஆண்டவர்ட்ட கேக்க, பாஸ்டர்ட்ட கேக்க, பஸ்ஸுட்ட கேக்க. அன்னைக்கும் என்கிட்ட கேக்கல, இன்னைக்கும் கேக்கல. நேத்து கூடைக்குள்ள கைய விட்டியே, அதே கததான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நண்டின் காலை உடைத்து என் தட்டில் வைத்துக்கொண்டேதான் சொன்னாள். துணியை என் இஷ்டத்துக்கு வெட்டிப் போட்டுவிட்டு, அதற்கு அளவு சொல்லும் என்று ஆண்டவரிடம் போய் நின்றிருக்கிறேன். கடையில் வேலை பழக வருகிறவன் இதைச் செய்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன்.

"ஏட்டி சீலி" என்றேன். "இப்ப கேக்கேன். உனக்கு என்ன வேணும்?"

வெளியே யாரோ வலையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலண்ணே" என்றாள் கடைசியில். "நெசமாவே தெரியல. தெரியலன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு இடம் கொடு. அந்த மனுஷன நான் பாக்கணும், பேசணும். அவரு இங்க வரட்டும். இந்தப் பிள்ளைங்கள விட்டுட்டு வான்னு சொல்றவரா, இல்லையான்னு பாக்கணும். தேசம்மாவுக்குப் பிரசவம் முடியிற வரைக்கும் நான் எங்கயும் நகரமாட்டேன். அது மட்டும் தெரியும்."

கெட்ட செய்தியை நான் தாங்குவேன். அதற்கு முன்னேற்பாடாகப் பல ராத்திரி விழித்தவன். செய்தியே இல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்காது. அவளுக்கு மாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டு என்பதற்கு மனசைத் தயார் செய்திருந்தேன். தெரியல என்பதற்குத் தயார் செய்யவில்லை.

வெயில் தாழ்ந்ததும் போன் அடித்தது. ஞானராஜ்தான்.

"என்ன அண்ணாச்சி, ஆண்டவருடைய சித்தம் என்னன்னு தெரிஞ்சுதா?"

ஜெயசீலி எதிரில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. சாம்பலில் தேய்க்கிற கை மட்டும் நின்றது.

"தெரியலங்க" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வருவது எனக்கே புதிதாக இருந்தது. "தங்கச்சிக்கும் இன்னும் தெரியல. அவ இங்க ஒருத்திக்குப் பிரசவத்துக்குக் கூட இருக்கறதா சொல்லியிருக்கா. அதுவரைக்கும் எங்கயும் வரமாட்டா. உங்க தம்பி இங்க வந்து அவகூடப் பேசினா நல்லது. அவசரம்னா நீங்க அந்த இன்னொரு இடத்தையே பாத்துக்கோங்க. வருத்தமில்ல."

வருத்தம் இல்லாமல் என்ன. அந்தப் பக்கம் ஏதோ பேச்சு, போன் கைமாறுகிற சத்தம். வேறு ஒரு குரல் வந்தது. மெதுவான, தயங்கித் தயங்கிப் பேசுகிற குரல்.

"நான் எபனேசர் பேசறேன். என்னையும் இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கலங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அவங்களுக்குச் சம்மதம்னா, இப்ப அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

ஜெயசீலியைப் பார்த்தேன். குரல் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு போனுக்காகக் கையை நீட்டினாள்.

"சொல்லுங்க" என்றாள்.

நான் வாசலுக்கு வந்து நின்றேன். அங்கே நின்றால் அவள் பேசுவது நன்றாகக் கேட்டது. பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டிருக்கிறார் போல, அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்டவரே, இதை உம்மிடம் விட்டுவிட்டேன் என்று சொல்லப் பார்த்தேன். வாய் எழும்பவில்லை. அதனால் செருப்பைப் போட்டுக்கொண்டு, படகுகள் கிடக்கும் பக்கமாக, அவள் குரல் காதில் விழாத தூரம்வரை நடந்தேன்.